இன்னொரு ஆள் கேட்ட கதை

இல்லத்து ஊழியர்கள் களைத்துப்போயிருக்கிறார்கள் என்பதை நிர்வாகம் ஒருவழியாகக் கண்டுபிடித்தது. அதற்கு முன்பு அந்த உண்மை யாருக்கும் தெரியாது. ஊழியர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கண்டுபிடித்தவர் டைரக்டரேதான். ஆண்டுக் கூட்டத்தில் அவர் அர்ப்பணிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் காலை ஷிஃப்ட் உதவியாளர் ஒருத்தி கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். பேச்சின் உச்சத்தில் அவர் ஒரு கையை உயர்த்த, அவள் தூக்கம் கலையாமலே, "அப்படித்தான் கண்ணு, இப்ப இன்னொரு கை. சட்டை கிழியாம விடுங்க" என்று உரக்கச் சொன்னாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் டைரக்டர் சற்று நேரம் போக்குவரத்துக் காவலர் மாதிரி நின்றார். அப்புறம் பக்கத்தில் இருந்த சூப்பர்வைசரிடம் குனிந்து, "நம்ம ஸ்டாஃப்கிட்ட ஏதோ மன அழுத்தம் தெரியுதே" என்றார். சூப்பர்வைசர் மேடமும், "ஆமா சார், நானும் இப்பத்தான் கவனிச்சேன்" என்றாள்.

அந்த உதவியாளரை இல்லத்தில் எல்லோரும் இடிதாங்கி என்பார்கள். அம்மா வைத்த பெயர் வேறு; அதை நினைவு வைத்துக்கொள்ள அங்கே யாருக்கும் நேரமில்லை. எது எங்கே உடைந்தாலும், எவர் எதற்குக் கத்தினாலும், கடைசியில் அது இவள் தலையில்தான் வந்து இறங்கும் என்பதால் வந்த பெயர் இது. அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் வசிக்கிற இல்லம் அது. காலையில் அவர்களை எழுப்புவது, பல் துலக்கிவிடுவது, குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டுவது எல்லாம் அவள் வேலை. ஒருவர் கோபத்தில் அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சந்தோஷத்தில் எலும்பு நொறுங்கக் கட்டிப்பிடித்தால் அதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். பிடிக்காத வேலையில் யாரும் அத்தனை தூரம் களைக்க முடியாது.

அங்கே பெரியக்கா என்று ஒருத்தி இருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கனத்த உடம்பு, ஒரு கால் சொல் பேச்சுக் கேட்காது. வாயால் அதிகம் பேசமாட்டாள், கையால் பேசுவாள். ஒருவர் கையைப் பிடித்துவிட்டாளானால், தான் நிம்மதியாக உட்காரும்வரை விடமாட்டாள், உடும்புப்பிடிதான். உட்காருவதும் லேசான காரியமில்லை. முதுகுக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தீராத சந்தேகம். என்றைக்கோ, எங்கேயோ, யாரோ விளையாட்டுக்கு நாற்காலியை இழுத்திருக்க வேண்டும். பாவிப்பயல், நன்றாக இருக்கமாட்டான். அதனால் முன்னால் ஒரு ஆள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு ஆள் நாற்காலியை டொக் டொக் என்று இரண்டு தட்டுத் தட்டி, "இருக்கு பெரியக்கா, இருக்கு" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அழகாக உட்கார்ந்துவிடுவாள். குளிக்கும் மணைக்கும் இதே கதைதான்.

முன்பு இடிதாங்கிக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். இவள் கையைப் பிடிப்பாள், அவள் தட்டுவாள். கூட்டாளிக்கு முதுகு போய்விட்டது, வேலையை விட்டுப் போனாள். அன்றிலிருந்து இடிதாங்கி ஒரு கையால் பெரியக்காவைப் பிடித்து, மறு கையை வளைத்துப் பின்னால் கொண்டுபோய் மணையைத் தட்டி, சோப்பு நுரையில் வழுக்கப் பார்த்து, இருவரும் விழாமல் நின்றது புண்ணியம். ஒருநாள் நிஜமாகவே வழுக்கினாள். பெரியக்காவின் கனம் மொத்தமும் இவள் தோளில் இறங்கியது. விழவில்லை. ஆனால் அன்று மதியம் கை தவறி ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டபோது, அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அவளுக்கே ஏனென்று தெரியவில்லை.

"மேடம், காலை ஷிஃப்ட்டுக்கு இன்னொரு ஆள் வேணும்" என்று சூப்பர்வைசரிடம் போய் நிற்பாள்.

"மேல சொல்லியிருக்கேன்."

இல்லத்துக்கு மேலே மொட்டைமாடியில் துணி காயப்போடும் கயிறு மட்டும்தான் இருந்தது. அதனிடம் சொல்லியிருப்பாள்போல.

கடைசியில் கூட்டாளியின் இடத்துக்கு ஆள் போட்டார்கள். வாசலில் வந்து இறங்கிய மனிதரைப் பார்த்ததும் இடிதாங்கிக்கு வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது. நல்ல அகலமான தோள், உறுதியான கைகள். பெரியக்காவை ஒரு கையால் தாங்குவார் என்று நினைத்தாள். அவர் மனவளப் பயிற்சியாளர் என்று டைரக்டர் அறிமுகப்படுத்தினார்.

"உங்க வலி எனக்குத் தெரியும்" என்று டைரக்டர் ஆரம்பித்தார். "நானும் தூங்காம யோசிச்சேன். ஒரு ஆள் கூடப் போட்டா உங்க வேலை குறையும். வேலை குறைஞ்சா என்ன ஆகும்? உங்களோட தாங்கும் சக்தி குறையும்! அதை நான் அனுமதிக்க முடியுமா? அதனால வேலையை அப்படியே வெச்சுட்டு, சக்தியைக் கூட்டறதுக்கு ஆளைப் போட்டிருக்கேன். நிர்வாகத்துக்கு இதுல ஒரு லாபமும் இல்ல. எல்லாம் உங்களுக்காகத்தான்."

சூப்பர்வைசர் மேடம் கை தட்டினாள். ஊழியர்களால் தட்ட முடியவில்லை. ஒவ்வொருவர் கையிலும் யாரோ ஒருவருடைய கை இருந்தது.

முதல் வாரம் கல் சடங்கு நடந்தது. பயிற்சியாளர் ஒரு பை நிறையக் கூழாங்கல் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கு ஒன்று எடுத்து நெஞ்சோடு வைத்து, மனதில் இருக்கும் பாரத்தைச் சொல்லி, கூடையில் போட வேண்டும். போட்டால் பாரம் போய்விடுமாம். சமையல்காரர், "அடுப்புல கேஸ் கசியுது" என்று சொல்லிப் போட்டார். நெட்டையன் என்று பெயர்பெற்ற ஆண் உதவியாளர், "லீவு கேட்டா தரமாட்டேங்கறாங்க" என்று போட்டார். கூடையை வெளியே கொண்டுபோய்க் கொட்ட ஆள் இல்லாததால் நெட்டையனே அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

இடிதாங்கியின் முறை வந்தது. அவளுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனால் பயிற்சியாளர் அத்தனை கனிவாக, "மனசைத் திறந்து சொல்லுங்க, இங்க பேசறது இங்கயேதான் இருக்கும்" என்றார். யாராவது அப்படிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! மடை திறந்துவிட்டது.

"பெரியக்காவைக் குளிப்பாட்டறதுதாங்க. தனி ஆளா என்னால முடியல. என்னிக்காவது விழுந்துடுவாளோன்னு தினம் பயந்து சாகறேன். காலைல குளியலறைக் கதவைப் பார்த்தாலே நெஞ்சு படபடங்குது."

"அருமை" என்றார் பயிற்சியாளர். கல் கூடையில் விழுந்தது. அன்று அவளுக்கு உண்மையாகவே கொஞ்சம் லேசாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

இரண்டாவது வாரம் அமைதி அறை திறந்தார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கிற முன்னறையைத்தான் அதற்கு எடுத்துக்கொண்டார்கள். மெத்தென்ற சோபா, நீலச் சுவர், அருவி விழுகிற சத்தம் கேட்கும் ஒரு பெட்டி. களைத்த ஊழியர் யார் வேண்டுமானாலும் வேலை நேரத்தில் உள்ளே போய் இளைப்பாறலாம். தம் இடத்தில் இன்னொரு ஆளை நிறுத்திவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த இன்னொரு ஆள் இல்லாததால் சோபா புத்தம் புதிதாகவே இருந்தது. "பாருங்க, எவ்வளவு சுத்தமா வெச்சிருக்காங்க" என்று சூப்பர்வைசர் பெருமைப்பட்டாள். மதியத்தில் பயிற்சியாளர் மட்டும் அதில் படுத்து அருவிச் சத்தத்தைப் பரிசோதித்துப் பார்ப்பார்.

மூன்றாவதாக வந்ததுதான் அமைதி மணி. பித்தளையில் ஒரு கைமணி. முதல் மணி அடித்ததும் ஊழியர்கள் எங்கே இருந்தாலும் அங்கேயே நின்று, கையைக் காலியாக வைத்து, கண்ணை மூடி, வாயைத் திறக்காமல் மூச்சை இழுத்து விட வேண்டும். இரண்டாவது மணி அடிக்கும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது.

"கையில ஆள் இருந்தா?" என்று நெட்டையன் கேட்டார்.

"பக்கத்துல இருக்கறவங்ககிட்ட குடுத்துடுங்க" என்றார் பயிற்சியாளர்.

"பக்கத்துல யாரும் இல்லேன்னா?"

"இல்லைங்கற அந்த நினைப்பு இருக்கு பாருங்க, அதுதான் அழுத்தம்."

மணியை அடிக்கும் பொறுப்பு ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கிடைத்தது. அவரும் இல்லத்தில் வசிப்பவர்தான். நரைத்த மீசை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு விசில். உலகம் முழுவதும் ஒரு ரயில் நிலையம் என்பதும், அது தம்மால்தான் ஓடுகிறது என்பதும் அவர் கட்சி. மணி வந்த அன்றே அதை எடுத்து வைத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை. டைரக்டரும், "வசிக்கறவங்களையும் திட்டத்துல சேர்த்திருக்கோம்னு போட்டோவுக்கு நல்லா இருக்கும்" என்று விட்டுவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு சட்டம் உண்டு. எல்லோரும் உட்கார்ந்தால்தான் வண்டி கிளம்பும். இல்லத்தில் வசிக்கிறவர்களில் ஒருவர் நின்றுகொண்டிருந்தாலும் இரண்டாவது மணியை அடிக்கமாட்டார். தலைகீழாக நின்றாலும் அடிக்கமாட்டார்.

நடைமுறையில் என்ன ஆகும்? முதல் மணி அடிக்கும். இடிதாங்கி ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, ஒரு கையை நெஞ்சில் வைத்து மூச்சுவிடுவதுபோலப் பாவனை செய்து, மறு கையால் ஒருவருக்கு வாய் துடைத்துவிடுவாள். சமையல்காரர் கண்ணை மூடியபடியே கிண்டுவார். அப்புறம் எல்லோரையும் ஓடி ஓடி உட்காரவைத்து, ஸ்டேஷன் மாஸ்டரைக் கெஞ்சி, இரண்டாவது மணியை வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். மாதக் கடைசியில் பயிற்சியாளர், ஊழியர்கள் அமைதியில் போதிய அக்கறை காட்டவில்லை என்று குறை சொன்னார். அதைக் கேட்டு நெட்டையன் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பில்லை.

இந்தக் கூத்தையெல்லாம் இடிதாங்கி சகித்துக்கொண்டிருப்பாள். அவள் தலையெழுத்து, தாங்குவது. ஆனால் ஒரு மாலை டைரக்டர் எல்லோரையும் கூப்பிட்டு இரண்டு நல்ல செய்திகள் சொன்னார். முதலாவது, 'மனம் மகிழும் பணியிடம்' விருதுக்கு இல்லத்தின் பெயர் போயிருக்கிறது. வரும் வியாழன் விருதுக்குழு பார்வையிட வருகிறது. இரண்டாவது செய்திக்கு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கல் போட்டப்ப நீங்க சொன்னதை எல்லாம் பயிற்சியாளர் ஆராய்ச்சி பண்ணிட்டார். உங்க அழுத்தத்துக்குக் காரணம் என்னன்னு தெரிஞ்சு போச்சு. பெரியக்கா! அவங்களை ஊருக்கு வெளியில இருக்கிற பெரிய இல்லத்துக்கு மாத்தறோம். வெள்ளிக்கிழமை காலைல வண்டி வரும். ஊழியர் நலனுக்காக ஒரு ஆளையே அனுப்பற நிர்வாகத்தை வேற எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

இடிதாங்கி முன்னால் வந்தாள். "சார், நான் பெரியக்காவைச் சொல்லல சார். தனி ஆளா செய்யறதைத்தான் சொன்னேன். இன்னொரு ஆள்..."

"உங்க நல்ல மனசு எனக்குப் புரியுது" என்று டைரக்டர் அவள் தோளைத் தட்டினார். பெரியக்காவின் கனம் இறங்கிய அதே தோள். "குற்ற உணர்ச்சி வேண்டாம். அதுக்கும் பயிற்சியாளர்கிட்ட ஒரு கல் இருக்கு."

அந்தப் பெரிய இல்லத்தை இடிதாங்கி பார்த்திருக்கிறாள். உயரமான சுவர், ஒரே கூடம், சுவரோரமாக வரிசையாகப் பெஞ்சு. காலையில் உட்காரவைத்தால் மாலையில்தான் எழுப்புவார்கள். அங்கே யார் நாற்காலியைத் தட்டப் போகிறார்கள்? தட்டாவிட்டால் பெரியக்கா உட்காரமாட்டாள். உட்காராதவளை அங்கே தோளில் கை வைத்து அழுத்துவார்கள்.

இடிதாங்கி வீட்டுக்குப் போனதும் மகள் ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்றே காதில் வாங்காமல், "எல்லாரும் என்னையே பிச்சுத் தின்னுங்க!" என்று கத்திவிட்டாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். டவுன் பஸ் ஓட்டுகிற இடிதாங்கியின் புருஷன் தட்டை எடுத்து வைத்தார். அவர் சாப்பிட ஆரம்பித்ததும் இவள் பழக்க தோஷத்தில், "நல்லா மெல்லுங்க. ஆங், இப்ப முழுங்குங்க" என்றாள்.

"முழுங்கிட்டேன்" என்றார் அவர். "என்னன்னு சொல்லு."

சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "நான் வாயைக் குடுத்தேங்க. நான் சொன்ன வார்த்தையை வெச்சே அவளை அனுப்பறாங்க. நான் களைச்சுப் போனது நிஜம். ஆனா அவளாலயா களைச்சுப் போனேன்? இவனுங்களால!"

"வேலையை விட்டுட்டு வாயேன். நான் ஓட்டறேன்ல."

"விட்டுடலாம். நாற்காலியை யார் தட்டுவா? உங்க டைரக்டர் வந்து தட்டுவாரா?"

"அவரு எனக்கு எப்ப டைரக்டர் ஆனாரு?" என்று சிரித்தார் அவர். அப்புறம் தட்டில் கையை வைத்தபடியே கொஞ்சம் யோசித்தார். "எங்க டிப்போவுல ஒரு தடவை இப்படித்தான். சொன்னது எதையும் காதுல வாங்கல. நாங்க ஸ்டிரைக் பண்ணல, கோஷம் போடல. ரூல்ல என்ன இருக்கோ அதை அப்படியே செஞ்சோம். பின்னாடி ஆள் பார்த்துச் சொன்னாத்தான் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கணும்னு ரூல். ஆள் வர்ற வரைக்கும் எடுக்கல. ஊரே நின்னு போச்சு. மறுநாளே கூப்பிட்டுப் பேசினாங்க."

இடிதாங்கி அவரைப் பார்த்தாள். "எங்க ரூல்ல கையைக் காலியா வெச்சுக்கணும்னு இருக்கு" என்றாள் மெதுவாக. "கையில இருக்கறதைப் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட குடுத்துடணுமாம்."

"அப்ப குடுத்துடு."

மறுநாள் காய்கறி நறுக்கும் மேஜையைச் சுற்றி நின்று இடிதாங்கியும் நெட்டையனும் சமையல்காரரும் பேசினார்கள். நெட்டையனுக்குக் கண் மின்னியது. சமையல்காரர் மட்டும் தயங்கினார். "யாருக்கும் ஒரு கீறல்கூட விழக் கூடாது."

"விழாது" என்றாள் இடிதாங்கி. "நான் ஒரு எட்டு தூரத்துலதான் நிப்பேன். விழற மாதிரி இருந்தா ரூலாவது மண்ணாவது, பிடிச்சுடுவேன். ஆனா அதுவரைக்கும் கண்ணைத் திறக்கமாட்டேன். இத்தனை நாள் தாங்கினேன்ல? இப்ப அவங்க கொஞ்சம் தாங்கட்டும்."

வியாழக்கிழமை விருதுக்குழு வந்தது. வெள்ளைத் தலையும் கண்ணாடியுமாக ஒரு தலைவர், விலையுயர்ந்த கைப்பையோடு ஒரு உறுப்பினர் அம்மா, ஒரு போட்டோக்காரர். டைரக்டர் அவர்களுக்கு அமைதி அறையைக் காட்டினார், அருவியைப் போட்டுக் காட்டினார், கூழாங்கல்லைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரம் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துவந்தார். பெரியக்காவைத் தவிர வசிப்பவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நெட்டையன் ஒரு பெரியவருக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தார். சமையல்காரர் பாத்திரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். இடிதாங்கி பெரியக்காவைக் கையைப் பிடித்து வாசல் வழியாக அப்போதுதான் கூட்டிவந்தாள்.

"இப்ப நீங்க பார்க்கப்போறது உலகத்துல வேற எங்கயும் இல்லாத ஒண்ணு" என்றார் டைரக்டர். "எவ்வளவு வேலை இருந்தாலும் எங்க ஸ்டாஃப் ஒரு நொடியில எல்லாத்தையும் விட்டுட்டு அமைதிக்குள்ள போயிடுவாங்க. ஸ்டேஷன் மாஸ்டர், அடிங்க!"

மணி கணீரென்று ஒலித்தது.

நெட்டையன் எழுந்து, சூப் கிண்ணத்தை ஒரு கையிலும் கரண்டியை மறு கையிலுமாக உறுப்பினர் அம்மாவிடம் பவ்யமாகக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சமையல்காரர் பெரிய கரண்டியைப் போட்டோக்காரர் கையில் திணித்துவிட்டு மூச்சை இழுத்தார். இடிதாங்கி பெரியக்காவை டைரக்டர் பக்கம் அழைத்துப்போய், பெரியக்காவின் கையை எடுத்து அவர் கையில் வைத்தாள். பெரியக்கா பிடித்துக்கொண்டாள். பிடி நன்றாக விழுந்ததா என்று பார்த்துவிட்டு, ஒரு எட்டுப் பின்வாங்கி, இடிதாங்கி கண்ணை மூடினாள். சத்தியமாகச் சொல்கிறேன், இடது கண் ஓரத்தில் கொஞ்சம் இடுக்கு விட்டிருந்தாள்.

"பாருங்க, என்ன ஒரு அமைதி" என்றார் டைரக்டர், சிரித்த முகமாக. கையை மெல்ல இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். பெரியக்கா அதைத் தன்னை அழைப்பதாக எடுத்துக்கொண்டு இன்னும் நெருங்கி வந்தாள்.

சூப் கேட்டு வாயைத் திறந்தபடி இருந்த பெரியவர், அது வராததால் மேஜையைக் குத்தினார். உறுப்பினர் அம்மா பதறிப்போய் ஒரு கரண்டி ஊட்டினாள். கைப்பை சூப்பில் விழுந்தது. "இன்னும் எவ்வளவு நேரம் இந்த அமைதி?" என்று கேட்டாள்.

"இதோ, ரெண்டாவது மணி. மாஸ்டர், அடிங்க!"

ஸ்டேஷன் மாஸ்டர் கூடத்தை ஒரு பார்வை பார்த்தார். "ஆள் நிக்குது. வண்டி எடுக்க முடியாது."

"நான் சொல்றேன், அடிப்பா!"

"ஆள் நிக்குது."

டைரக்டர் மணியைப் பிடுங்க எட்டினார். பெரியக்காவின் பிடி அவரை விடவில்லை. அவளை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தார். அவள் அவரைச் சுற்றி வந்து ஒரு காலி நாற்காலிக்கு முன்னால் நின்றாள். "சூப்பர்வைசர்!" என்றார். சூப்பர்வைசர் மேடமும் ஊழியர்தானே? அவளும் கண்ணை மூடி நின்றாள். டைரக்டர் கண்ணெதிரே அமைதியைக் கெடுக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. பயிற்சியாளர் அமைதி அறையில் அருவிக்குப் பக்கத்தில் இருந்தார்.

"உட்காரும்மா" என்றார் டைரக்டர். பெரியக்கா பின்னால் திரும்பிப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. அவள் உதடு நடுங்க ஆரம்பித்தது. அந்தக் கனத்த உடம்பு அவர் பக்கம் சாய்ந்தது. இடிதாங்கியின் கால் தானாக முன்னால் நகர்ந்தது. டைரக்டர் இரண்டு கையாலும் பெரியக்காவைத் தாங்கிக்கொண்டதைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"உட்காரேன்! பின்னாடிதான் நாற்காலி இருக்கே!" டைரக்டரின் நெற்றியில் வேர்வை வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. விசிலை ஒருமுறை ஊதிவிட்டுச் சொன்னார். "ஒத்த ஆள் பத்தாது. பின்னாடி ஒருத்தர் தட்டணும். இன்னொரு ஆள்."

"இன்னொரு ஆளா?"

"இன்னொரு ஆள்" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாக.

பெரியக்கா மறுபடி சாய்ந்தாள். டைரக்டரின் முழங்கால் மடங்கியது. கழுத்துப்பட்டை காதுக்குப் போயிருந்தது. அவர் தொண்டை கிழியக் கத்தினார். "இன்னொரு ஆள் வேணும்! யாராவது இன்னொரு ஆள் வாங்களேன்! தனி ஆளா என்னால முடியல!"

அத்தனை நாளும் இடிதாங்கி கேட்டது அதுதான், வார்த்தை மாறாமல். மூடிய கண்ணுக்குள் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நெட்டையன் மூச்சை இழுத்தவர் விட மறந்துபோனார்.

விருதுக்குழுத் தலைவர்தான் முன்னால் வந்தார். பெரியக்காவுக்குப் பின்னால் போய், ஸ்டேஷன் மாஸ்டர் சைகை காட்டியபடி, நாற்காலியை டொக் டொக் என்று தட்டினார். "இருக்கும்மா" என்றார். ஸ்டேஷன் மாஸ்டர், "இருக்கு பெரியக்கா, இருக்கு" என்று திருத்தினார். தலைவரும் அப்படியே சொன்னார். பெரியக்காவின் முகம் தெளிந்தது. மெதுவாக உட்கார்ந்தாள். பிடி தளர்ந்தது. இரண்டாவது மணி அடித்தது.

ஊழியர்கள் கண்ணைத் திறந்து, ஒன்றுமே நடவாததுபோலக் கிண்ணத்தையும் கரண்டியையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு இந்த அம்மாவுக்கு நாற்காலியை யார் தட்டுவாங்க?" என்று கேட்டார்.

"நாளைக்கு அவங்க இங்க இருக்கமாட்டாங்க சார்" என்றாள் இடிதாங்கி. "எங்களுக்கு அழுத்தம் குடுக்கறாங்கன்னு ஊருக்கு வெளியில அனுப்பறாங்க. எனக்கு அழுத்தம் இவங்க இல்ல சார். இப்ப டைரக்டர் சார் எதுக்குக் கத்தினாரோ, அதுதான் எங்க அழுத்தம். அவருக்கு ஒரு மணியிலிருந்து அடுத்த மணி வரைக்கும். எங்களுக்குத் தினமும்."

எல்லோரும் டைரக்டரைப் பார்த்தார்கள். போட்டோக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார்.

"அனுப்பறதா? யார் சொன்னது?" டைரக்டர் கழுத்துப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "காலை ஷிஃப்ட்டுக்கு இன்னொரு ஆள் போடறதா நிர்வாகம் எப்பவோ முடிவு பண்ணிடுச்சே. நாளைக்கு எந்த வண்டியும்..."

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து நின்று, மணியை ஓங்கி அடித்து, கூடம் முழுவதற்கும் அறிவித்தார். "வெள்ளிக்கிழமை வண்டி ரத்து! வெள்ளிக்கிழமை வண்டி ரத்து!"

விருது கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிர்வாகமே நேரடியாகக் களத்தில் இறங்கிப் பணியாற்றியதற்காக. டைரக்டர் ஏற்புரையில், ஒரு ஆள் செய்யும் வேலையை இரண்டு பேர் செய்தால் சுலபம் என்பது தம்முடைய பல நாள் ஆராய்ச்சியின் முடிவு என்று குறிப்பிட்டார். கேட்டவர்கள் உருகிப்போனார்கள்.

புது ஆள் வந்தாள். தட்டுவதற்கு இரண்டே நாளில் பழகிவிட்டாள். களைப்பு போய்விட்டதா என்றால், போகவில்லை. இன்னும் ஆள் போதாது, அடுப்பில் இன்னும் கேஸ் கசிகிறது, நெட்டையனுக்கு லீவு கிடைத்தபாடில்லை. ஆனால் இடிதாங்கி இப்போதெல்லாம் கூட்டத்தில் தூங்குவதில்லை. கையைத் தூக்கிக் கேள்வி கேட்கிறாள்.

டைரக்டர் இல்லத்துக்குள் வரும்போதெல்லாம் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டுதான் வருகிறார். ஸ்டேஷன் மாஸ்டர் தூரத்திலேயே அவரைப் பார்த்து மணியைக் கையில் எடுத்துக்கொள்வார். பெரியக்கா தன் இடத்திலிருந்து எழுந்து, ஒரு காலை இழுத்து இழுத்து அவரிடம் போய், பையிலிருந்து கையை வெளியே எடுத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கு அவர்மேல் ஒரு கோபமும் இல்லை. இடிதாங்கி டீயை வைத்துக்கொண்டு ஒரு எட்டு தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், அவர் வாய் திறந்து இன்னொரு ஆள் கேட்கும்வரை.